சுங்கை சிப்புட் பசாரில் பேலியோ சாமான்: எதற்குக் காசு கொடுக்கலாம், எது பள்ளி டப்பாவில் தாங்கும்

பேலியோ, அதாவது கற்கால மனிதர் உணவை ஒட்டிய முறை, என்று முகப்பில் அச்சடித்த பொட்டலம் ஒன்றுகூட வாங்காமல், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் காலைப் பசாரை மட்டும் வைத்தே பிள்ளைக்கு வாரத்தில் நாலு நாள் பள்ளிச் சாப்பாடு கட்டிவிடலாம். ஐந்தாவது நாளான வெள்ளிக்கிழமைதான் இடிக்கும். அதைக் கடைசியில் பார்ப்போம். பசார், இரவுச் சந்தை, மினி மார்க்கெட், சத்துணவுக் கடை என்று நாலு வகை இடங்களில் எது காசுக்கு ஏற்றது, எது பள்ளியில் ஓய்வுமணி அடிக்கும்வரை கெடாமல் இருக்கும் என்பதே இந்த மதிப்பீடு.

எந்தப் பேலியோ என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் எழுத்தாளர் நியாண்டர் செல்வன் வழியாகப் பரவியது மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் முறை. நெய், வெண்ணெய், பனீர் எல்லாம் அதில் உண்டு. காலையில் நூறு பாதாம் என்ற கணக்கும் அந்தப் பக்கத்து வழக்கம்தான். 1985ல் பாய்ட் ஈட்டனும் மெல்வின் கானரும் 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மேற்கில் வளர்ந்த பேலியோ பாலை ஒதுக்கும். ஆனால் சர்க்கரைவள்ளி, பழம், கொஞ்சம் தேன் ஆகியவற்றை ஏற்கும். அரிசி, கோதுமை, பருப்பு, சோயா, சீனி இரண்டிலும் கிடையாது. எடை குறைக்க நினைக்கும் பெரியவருக்கு முதல் முறை சரிப்படலாம். திடலில் ஓடி வரும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கிழங்கையும் பழத்தையும் நிறுத்தக்கூடாது. அதனால் இங்கே சொல்வதெல்லாம் இரண்டாவது முறையை ஒட்டியது. இன்சுலின் போடும் பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். பள்ளியில் பால் கொடுத்தால் வாங்கிக் குடிக்கட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது. பாலை நிறுத்தியே ஆக வேண்டும் என்பவர்கள் சுண்ணாம்புச் சத்துக்காக முள்ளோடு தின்னும் நெத்திலி, முருங்கைக்கீரை, எள் ஆகியவற்றைத் தினமும் ஏதாவது ஒரு வேளை சேர்க்க வேண்டும்.

மீன் வரிசை

காசுக்கு ஏற்ற இடம் என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வோம். அதிலும் கெம்போங் எனும் கானாங்கெளுத்தி. நடுத்தர அளவில் கிலோவுக்கு ஏழெட்டு நிற்கும். எடை போட்ட பிறகுதான் சுத்தம் செய்வார்கள்; தலை, குடல், முள் போனால் பாதிதான் சதை. ஒரு கிலோ வாங்கினால் அரைக்கிலோ என்று கணக்குப் போட்டுக்கொண்டு, மற்ற மீன் விலைகளோடு ஒப்பிடுங்கள். தெங்கிரி எனும் வஞ்சிரத் துண்டில் வீண் குறைவு என்றாலும், சதைக்குச் சதை கணக்குப் பார்த்தால் கெம்போங்கே மலிவு. சிலார், செஞ்சாரு அதற்கு அடுத்த படி.

விலை ஏறி இறங்குவதற்குக் காரணம் உண்டு. கெம்போங் மாதிரிக் கூட்டமாகத் திரியும் மீனை இரவில் விளக்கு வெளிச்சம் காட்டி வளைத்துப் பிடிக்கிறார்கள். நிலவு பிரகாசமாக இருந்தால் மீன் விளக்குக்குக் கூடாது. ஆகவே பௌர்ணமியை ஒட்டிய நாலைந்து நாள் வரத்து குறையும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் பருவமழை. அந்தப் பக்கத்துப் படகுகள் நின்றால் பேராக் பசாரிலும் விலை தெரியும். மலிவான வாரத்தில் மூன்று கிலோ வாங்கி, குடல் எடுத்து, கழுவித் துடைத்து, மூன்று மூன்று மீனாகத் தட்டையாகக் கட்டி உறைய வைத்தால் இரண்டு மாதம் வரை சுவை மாறாது. மொத்தமாக ஒரே பையில் போட்டு உறைய வைத்தால் பிரிக்கவே முடியாது. முழுவதையும் உருக வைத்து மிச்சத்தைத் திரும்ப உறைய வைப்பீர்கள். பிறகு சதை பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

வாங்கும்போது கண் தெளிவு, செவுள் சிவப்பு, அமுக்கினால் குழி விழாத சதை எல்லாம் பார்ப்பது வழக்கம்தான். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, மீன் ஐஸ் மேலே கிடக்கிறதா, ஐஸுக்குள் கிடக்கிறதா என்பது. கெம்போங் குளிர்ச்சி இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு வேக வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு குறுகுறுத்து, முகம் சிவந்து, தடித்துப்போகும். வீட்டில் எல்லாரும் மீன் அலர்ஜி என்று நினைப்பார்கள், உண்மையில் பிழை ஐஸில் இருக்கும். பசாரில் முதலில் காய், தேங்காய் எல்லாம் முடித்துவிட்டு, கடைசியாக மீன் வாங்கி, நேரே வீட்டுக்குப் போய்விடுங்கள்.

கோழியும் முட்டையும்

கோழிக்கடைப் பலகையில் 'ஸ்டாண்டர்ட்', 'சூப்பர்' என்று இரண்டு விலை இருக்கும். ஸ்டாண்டர்டில் தலை, கால், ஈரல், இரைப்பை எல்லாம் சேர்ந்தே நிறுக்கப்படும். சூப்பரில் அவை இல்லை. அரசாங்க விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பர் 1ஆம் தேதி எடுக்கப்பட்டதிலிருந்து கடைக்குக் கடை விலை வேறுபடுகிறது. பேலியோ வீட்டுக்கு ஸ்டாண்டர்டே மேல், ஏனென்றால் எதுவும் வீணாகாது: கால் சூப்புக்கு, ஈரல் இரும்புச் சத்துக்கு. மேற்கத்திய பேலியோக்காரர்கள் மாட்டிறைச்சியை வைத்தே எல்லாப் பட்டியலும் போடுகிறார்கள். நம் வீடுகள் பலவற்றில் அது நுழையாது. அந்த இடத்தைக் கோழி ஈரலும் முடிந்தபோது ஆட்டு ஈரலும் நிரப்பும். பிள்ளைக்கு வாரம் ஒருமுறை, உள்ளங்கையளவு போதும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். நல்லது என்று தினமும் கொடுக்கக்கூடாது.

கம்பத்துக் கோழி எனும் நாட்டுக்கோழி டப்பாவுக்கு வேண்டாம். விலை கூட, சதை இறுக்கம், ஆறினால் பிள்ளையால் கடிக்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமைச் சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கறியும் ஆறினால் நார் நாராகும். தொடைக்கறிதான் பத்து மணிவரை மிருதுவாக இருக்கும், விலையும் குறைவு.

முட்டைக்கான உதவித்தொகையை அரசாங்கம் 2025 ஆகஸ்ட் 1 முதல் நிறுத்திவிட்டது. விலை இப்போது சந்தையோடு ஓடுகிறது. ஏ, பி, சி என்பது தரம் இல்லை, எடை. ஏ என்றால் 65 கிராமிலிருந்து 70க்குள், பி 60லிருந்து, சி 55லிருந்து. ஆக ஏ ஒன்றுக்கும் சி ஒன்றுக்கும் பத்து கிராம்தான் வித்தியாசம். முட்டைச் சுருளுக்கு சி இரண்டு போட்டால் பிள்ளைக்குச் சரியான அளவு. ஒமேகா என்று எழுதிய பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட அந்தக் காசில் கெம்போங் வாங்கலாம்.

கிழங்கு, காய், பழம்

சர்க்கரைவள்ளியில் ஆரஞ்சு நிறத்தது வெந்தால் ஈரப்பசையாக இருக்கும். மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டி வெளியிட்ட விதாத்தோ அந்த வகை. ஊதாவும் மஞ்சளும் மாவாக இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஆரஞ்சுக் கிழங்கில் கட்லட் செய்தால் சட்டியில் உதிரும். கட்லட்டுக்கு ஊதா அல்லது மஞ்சள். அவித்துத் துண்டாகக் கொடுக்க ஆரஞ்சு. சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி எல்லாம் ஏற்றவை. மரவள்ளியைத் தோலோடு உள்தோலையும் உரித்து, வேக வைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதில் இயற்கையாகவே சயனைடு உண்டு. உருளைக்கிழங்கு பற்றிப் பேலியோக்காரர்களுக்குள்ளேயே சண்டை. அதில் நாம் தலையிட வேண்டாம்.

கோலிஃபிளவர் சோறு பற்றி நேராகச் சொல்லிவிடுகிறோம்: தோட்டப்புறப் பட்ஜெட்டுக்கு அது ஒத்துவராது. விலை ஒரு பக்கம். சூடாக மூடிய டப்பாவில் இரண்டு மணி நேரம் இருந்தால் கந்தக வாடை கிளம்பும், பிள்ளை மூடியைத் திறந்ததும் மூடிவிடும். கேமரன் மலை முட்டைக்கோசை நூலாகச் சீவி, சூடான சட்டியில் இரண்டே நிமிடம் புரட்டி இறக்குங்கள். மீ (நூடுல்ஸ்) மாதிரியே இருக்கும், வாடையும் அவ்வளவு வராது. கொதிக்க விட்டால் இதற்கும் அதே கதிதான்.

பழத்தில் கொய்யாவும் பிசாங் மாஸ் எனும் சிறு வாழைப்பழமும் போதும். கொய்யா வெட்டி வைத்தாலும் ஆப்பிள் மாதிரிக் கறுக்காது. பிசாங் மாஸ் தோலோடு போகும், அளவும் பிள்ளைக் கைக்குப் பொருத்தம். பப்பாளி நீர் விடும், தர்ப்பூசணி அதைவிட மோசம்.

தேங்காய், எண்ணெய்

ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. ஆனால் ஒரு கிலோ 2 வெள்ளி 50 காசு மானியப் பொட்டல எண்ணெய் பேலியோ விதிப்படி ஒத்துவராது. அது சுத்திகரித்தது, அதுதான் அவர்கள் சொல்லும் குறை. சுத்திகரிக்காத சிவப்புச் செம்பனை எண்ணெயை ஏற்பவர்கள் உண்டு. எங்கள் கருத்து: மாதச் செலவு இடித்தால் எண்ணெயில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். பொட்டல எண்ணெயையே குறைவாக ஊற்றுங்கள். சோறு, பீஹூன், பிஸ்கட்டை நிறுத்தியதில் வரும் பலன் அதனால் போய்விடாது.

தேங்காய் எண்ணெய் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். நம் வெயிலில் போத்தலில் தண்ணீராகத்தான் இருக்கும். ஆனால் அதில் பொரித்த கறியை ஐஸ்பெட்டியில் வைத்தோ ஐஸ் போத்தலோடோ அனுப்பினால், வெள்ளையாக மெழுகு பூசியது போலத் திறக்கும். குளிர்ச்சியாக அனுப்பும் உணவை அதில் பொரிக்காதீர்கள்.

பசாரில் பிழிந்து தரும் சந்தான் எனும் தேங்காய்ப்பால் நல்ல சரக்கு. ஆனால் பள்ளி டப்பாவுக்கு வேண்டாம். பத்து மணிக்கெல்லாம் புளிக்க ஆரம்பிக்கும். குழம்பு கெட்டியாக வேண்டுமென்றால் தேங்காய்ப்பூவைச் சிவக்க வறுத்து அரைத்துச் சேர்க்கலாம். தேங்காய்ப்பால் தூள் பொட்டலத்தில் பல சமயம் பால் புரதம் கலந்திருக்கும், பாலை ஒதுக்குபவர்கள் பின்பக்கத்தைப் படியுங்கள்.

மினி மார்க்கெட்டும் சத்துணவுக் கடையும்

மினி மார்க்கெட்டில் பேலியோவுக்கு உருப்படியானவை இரண்டு: முட்டை, தண்ணீரில் போட்ட டூனா. டூனாவிலும் 'மினியாக் சோயா', அதாவது சோயா எண்ணெய், என்று எழுதிய டின்னைத் தவிருங்கள். தக்காளிச் சாற்றில் போட்ட சார்டினில் சீனியும் மாவும் இருக்கலாம். மலாய் லேபிளில் தேட வேண்டிய சொற்கள்: கூலா என்றால் சீனி, தெப்போங் கண்டும் கோதுமை மாவு, காச்சாங் சோயா தெரிந்ததுதான், கஞ்சி என்றால் மாவுப்பசை. நம் கஞ்சிதான், ஆனால் காய்ச்சலுக்குக் குடிப்பது இல்லை. பட்டியலில் முன்னால் வருவது எடையில் அதிகம் என்று பொருள். மீன் உருண்டை, நண்டுக்குச்சி, சாசேஜ் மூன்றிலும் இந்தச் சொற்கள் வரிசையாக நிற்கும்.

ஏமாறும் இடம் மளிகைச் சாமானில் இருக்கிறது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ அரிசி மாவோ இருக்கும். கறித்தூள் பொட்டலம் சிலவற்றில் அரிசியோ பருப்போ சேர்த்து அரைத்திருப்பார்கள். சாவிக் கீரையில் ஊற்றும் கிச்சாப் என்றால் சோயா, கோதுமை, சீனி மூன்றும் ஒரே போத்தலில். முழு மல்லி, சீரகம், மிளகு, மிளகாய் வாங்கி வீட்டிலேயே அரைத்தால் விலையும் குறையும், சந்தேகமும் போகும்.

சத்துணவுக் கடைக்கு எங்கள் மதிப்பெண் மிகக் குறைவு. பாதாம் மாவு, தேங்காய் மாவு, பேலியோ பார் எல்லாம் ரொட்டி பிஸ்கட்டை விட மனம் வராதவர்களுக்கான சரக்கு. 'குளூட்டன் இல்லை' என்ற வில்லையைப் பார்த்துப் பேலியோ என்று எடுத்துவிடாதீர்கள். உள்ளே அரிசி மாவும் சோள மாவும் சீனியும் இருக்கும். நூறு பாதாம் கிட்டத்தட்ட 120 கிராம். கிலோ 45 வெள்ளி என்று வைத்தாலும் ஒரு வேளைக்கு 5 வெள்ளி 40 காசு. அந்தக் காசில் ஒரு பிள்ளைக்கு மீன் கட்லட்டும் பழமும் இரண்டு நாளைக்குக் கட்டலாம்.

இரவுச் சந்தைக்குச் சாப்பிடப் போகாதீர்கள், காய் வாங்கப் போங்கள். கடை கட்டும் நேரத்தில் கங்கோங், சாவி, வெண்டைக்காய் எல்லாம் கட்டுக் கணக்கில் மலிவாகக் கிடைக்கும். கீரை மறுநாளே சமைக்க வேண்டும், அவ்வளவுதான்.

டப்பா கட்டும் கணக்கு

காலை ஆறேகாலுக்குக் கட்டிய டப்பா பத்து மணி வாக்கில் திறக்கும். ஏறக்குறைய நாலு மணி நேரம். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஆகவே நன்றாகச் சூடாகவோ நன்றாகக் குளிர்ச்சியாகவோ அனுப்புங்கள். இளஞ்சூட்டில் அனுப்புவதுதான் ஆபத்து. இதில் மாவுச்சத்து எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்ற விவாதத்தைவிட இது முக்கியம்.

சூட்டுக்கு வாய் அகன்ற சிறிய ஃபிளாஸ்க், 300 மில்லி போதும். கொதிநீரை ஊற்றி மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். கொட்டிய உடனே, அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் கோழிப் பிரட்டலை விளிம்புவரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் சூடு நிற்காது. கறியைச் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, எலும்பில்லாமல் நறுக்குங்கள். ஓய்வு நேரம் இருபது நிமிடம்தான், அதில் வரிசை, கைகழுவல் போனால் தின்ன பத்து நிமிடம்கூட மிஞ்சாது. இன்னொன்று: கொஞ்சம் ஆறியதும் மூடி உள்ளிழுத்து இறுகிக்கொள்ளும், ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையால் திறக்க வராது. காற்று விடும் பொத்தான் உள்ளதாக வாங்குங்கள், வீட்டில் இரண்டு நாள் திறந்து பழக்குங்கள்.

குளிர்ச்சிக்கு 250 மில்லி தண்ணீர் போத்தலை முக்கால் அளவு நிரப்பி இரவே உறைய வையுங்கள். முழுக்க நிரப்பினால் வெடிக்கும். டப்பா எவர்சில்வராக இருந்தால் குளிர் சீக்கிரம் ஏறும். இரண்டையும் ஒட்டி வைத்துச் சின்னத் துண்டில் சுற்றினால் பத்து மணிக்கு உணவும் குளிர்ச்சி, குடிக்கத் தண்ணீரும் ஆச்சு. உள்ளே போகும் உணவு இரவே சமைத்து ஐஸ்பெட்டியில் இருந்ததாக இருக்க வேண்டும். காலையில் சூடாகச் செய்ததை ஐஸ் போத்தலோடு கட்டினால் இரண்டுமே கெடும்.

கெம்போங் கட்லட், பத்து உருண்டைக்கு: அரைக்கிலோ மீனை மஞ்சள், உப்பு தடவிப் பத்து நிமிடம் ஆவியில் வேக வைத்து முள் எடுங்கள், கால்கிலோ சதை வரும். முள்ளைக் கண்ணால் தேடாதீர்கள், விரலால் பிசைந்து தேடுங்கள். ஊதாச் சர்க்கரைவள்ளி 150 கிராமைத் தோலோடு ஆவியில் வேக வைத்து உரித்து மசியுங்கள். தண்ணீரில் அவித்தால் நீர் குடித்து உதிரும். பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, கறிவேப்பிலை, மிளகு அரைக் கரண்டி, முட்டை ஒன்று சேர்த்துத் தட்டி, அரை மணி நேரம் ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டுச் சட்டியில் இரண்டு கரண்டி எண்ணெயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். ஒரு பக்கம் செவந்து தானாகச் சட்டியை விடும்வரை புரட்டாதீர்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று போதும். கூடவே கொய்யாத் துண்டு, வெள்ளரிக்காய். கால் பங்கு கிழங்கு, கால் பங்கு மீன், பாதி காயும் பழமும் என்ற சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டுக்கும் இது ஒத்துப்போகும்.

முட்டைச் சுருளுக்கு சி முட்டை இரண்டு, துருவிய கேரட் இரண்டு கரண்டி, ஒரு பிடி முருங்கைக்கீரை. மெல்லிசாக ஊற்றி, முழுக்க வேக வைத்து, தட்டில் விரித்து ஆற விட்டுச் சுருட்டுங்கள். சூட்டோடு சுருட்டி மூடினால் உள்ளே வேர்த்து ஊறிவிடும். அவித்த முட்டை என்றால் தோலோடு அனுப்புவதே மேல். பத்து நிமிடத்தில் இறக்கிப் பச்சைத் தண்ணீரில் போடாவிட்டால் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். கெடுதல் இல்லை, பிள்ளைதான் தொடாது.

வெள்ளிக்கிழமை

சைவம் என்றாகிவிட்டால் பருப்பு இல்லை, சோயா என்பதால் தவ்வு இல்லை, தெம்பே இல்லை, பாலும் இல்லை, சில வீடுகளில் முட்டையும் இல்லை. மிஞ்சுவது சேனை வறுவல், சர்க்கரைவள்ளி, வாழைப்பூ, தேங்காய்ப் பத்தை, ஒரு பிடி முந்திரி, பலாக்கொட்டை. வயிறு நிறையும், ஆனால் வளரும் பிள்ளைக்குப் புரதம் போதாது. எங்கள் தீர்ப்பு: அன்றைக்குச் சுண்டலே கட்டுங்கள். வாரத்தில் ஒரு வேளை கொண்டைக்கடலையால் எதுவும் குடிமுழுகிப் போகாது.

அந்த இடத்தில் வாடை தூக்கும் பெத்தாய்க் கொட்டையை வைக்கலாமே என்று தோன்றும். லாசா பக்கத்திலிருந்து தெமியார் பழங்குடி மக்கள் கொண்டுவரும் கொத்து, பருவத்தில் விலையும் நன்றாக இருக்கும். தாவரக் குடும்பப்படி அதுவும் பருப்பு இனம்தான், கறார்ப் பேலியோக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ஆனால் நெத்திலி போட்டு வதக்கி வீட்டில் சாப்பிடுங்கள். நாலு மணி நேரம் மூடி வைத்த டப்பாவில் பெத்தாயைத் திறக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் அன்றைக்கு யாரும் உட்காரமாட்டார்கள்.